அத்தியாயம் 4: போகும் வழியும் திரும்பும் வழியும்

உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கையில் ஏதாவது ஒரு வரியை எடுத்துப் பாருங்கள். முதலில் தேதி. பக்கத்தில் பணம் போன முறை. அதையொட்டி ஒரு நீண்ட எண். பிறகு ஒரு பெயர், பெரும்பாலும் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். கடைசியில் 10,000.00 என்று தொகை. நம்மில் பலருக்கு அந்த வரியில் தொகை மட்டும்தான் கண்ணில் படும். கிரிப்டோ வாங்கப் பணம் அனுப்புகிறவர் பார்க்க வேண்டியது அந்த வெட்டுப்பட்ட பெயரை.

“எது சார் சீக்கிரம் போகும்? எதுல சார்ஜ் கம்மி?” என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நம் நாட்டில் இன்று வேகத்தில் இருக்கும் வித்தியாசம் சில விநாடிக்கும் இரண்டரை மணி நேரத்துக்கும் இடையில்தான். கட்டணத்தில் இருப்பது ஒரு டீ, இரண்டு டீ விலை. இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நான் கேட்கச் சொல்வது வேறு இரண்டு கேள்விகள். இந்தப் பணம் யார் கணக்கில் போய் விழுகிறது? நாளைக்கு விற்றுவிட்டு ரூபாயாக எடுக்கும்போது யார் கணக்கிலிருந்து வரும்? இரண்டுக்கும் ஒரே பதில், அதாவது கே.ஒய்.சி. செய்து உங்களைச் சேர்த்துக்கொண்ட அந்த எக்ஸ்சேஞ்ச் நிறுவனம் என்று வந்தால், அந்த வழியில் போகலாம். முன்பின் தெரியாத ஒருவர் பெயர் எங்காவது குறுக்கே வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். மீதி எல்லாம் இதற்கு விளக்கம்தான்.

இனிஷியல் படுத்தும் பாடு

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது கொஞ்சம் கூடுதல் வேலை.

கண்ணன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். அப்பா பெயர் சுப்பிரமணியன். பான் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள். ஆகவே அதில் ‘கண்ணன் சுப்பிரமணியன்’. ஆதாரில் ‘எஸ் கண்ணன்’. கல்லூரியில் படிக்கும்போது தொடங்கிய வங்கிக் கணக்கில் ‘கண்ணன் எஸ்’. நமக்கு மூன்றும் ஒரே ஆள். எக்ஸ்சேஞ்சின் கணினிக்கு மூன்று ஆட்கள்.

நீங்கள் வங்கிக் கணக்கை இணைத்ததும் எக்ஸ்சேஞ்ச் அந்தக் கணக்குக்கு 1 ரூபாய் அனுப்பிப் பார்க்கும். ‘பென்னி டிராப்’ என்பார்கள். அந்த ஒரு ரூபாய் வந்து சேரும்போது, கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்ற தகவல் வங்கியிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்குப் போகும். அதைப் பான் அட்டைப் பெயரோடு வைத்து ஒப்பிடுவார்கள். இடம் மாறிய இனிஷியலைச் சில நிறுவனங்களின் மென்பொருள் மன்னித்துவிடும், சிலது மன்னிக்காது. மன்னிக்காத இடத்தில் பாஸ்புக்கின் முதல் பக்கத்தையோ ரத்து செய்த காசோலையையோ அனுப்பிச் சரிசெய்யலாம். அதைவிடக் கிளைக்கு நேரில் போய், பான் அட்டையில் உள்ளபடி பெயரை மாற்றிக்கொள்வது நிரந்தரத் தீர்வு. ஒரு படிவம், இரண்டு நகல், சில நாள் காத்திருப்பு. வருமான வரிக் கணக்கு, மியூச்சுவல் ஃபண்ட் என்று பிற இடங்களிலும் இது உதவும்.

கூட்டுக் கணக்கை நான் தொடவே மாட்டேன். முன்பு தொட்டிருக்கிறேன். என் மனைவி பெயர் முதலிலும் என் பெயர் இரண்டாவதாகவும் இருந்த கணக்கிலிருந்து 25,000 ரூபாய் அனுப்பினேன். “நம்ம கணக்குதானே” என்ற நினைப்பு. அனுப்பியவர் பெயர் என்று போய்ச் சேர்ந்தது அவர் பெயர். எக்ஸ்சேஞ்ச் பதிவில் இருந்தது என் பெயர். மூன்றாம் நபர் பணம் என்று ஏற்க மறுத்துவிட்டார்கள். அதில் அவர்கள் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் திருப்பி அனுப்ப ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார்கள். ஒன்பது நாளும் “உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது” என்ற ஒரே மின்னஞ்சல், வேறு வேறு ஆட்களின் கையெழுத்தோடு. தம்பி கணக்கு, நண்பன் ஜிபே, கடைக் கரண்ட் அக்கவுன்ட் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் சேமிப்புக் கணக்கு ஒன்று போதும். வீட்டுச் செலவும் சம்பளமும் புழங்காத தனிக் கணக்காக இருந்தால் இன்னும் நல்லது. ஏன் என்பது பி-டூ-பி பற்றிப் பேசும்போது புரியும்.

வங்கி வழிகள் மூன்று

எக்ஸ்சேஞ்ச் செயலியில் ‘ரூபாய் டெபாசிட்’ என்ற இடத்தை அழுத்தினால் ஒரு கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி., பெறுபவர் பெயர் மூன்றும் வரும். பல நிறுவனங்களில் அந்தக் கணக்கு எண் உங்களுக்கென்றே ஒதுக்கிய விர்ச்சுவல் எண்ணாக இருக்கும். எழுத்தும் இலக்கமும் கலந்து நீளமாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த எண்ணுக்கு வரும் பணமெல்லாம் நிறுவனத்தின் ஒரே கணக்கில்தான் விழும். அனுப்பியது நீங்கள்தான் என்று கண்டுபிடிக்க மட்டும் அந்தத் தனி எண். வேறு சில இடங்களில் எல்லோருக்கும் ஒரே கணக்கு எண் கொடுத்து, குறிப்பு வரியில் ஒரு குறியீட்டை எழுதச் சொல்வார்கள். எழுத மறந்தால் உங்கள் பணம் ஊர் பேர் இல்லாமல் அங்கே கிடக்கும்.

எண்களைத் தட்டச்சு செய்யாதீர்கள், நகலெடுத்து ஒட்டுங்கள். ஐ.எஃப்.எஸ்.சி. 11 எழுத்து. முதல் நான்கு வங்கியைக் குறிக்கும். ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அதை ஆங்கில ‘ஓ’ என்று அடித்துவிட்டு, “கோடு தப்புன்னு வருதே” என்று தவிப்பவர்கள் நிறைய. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நெஃப்ட்டிலும் ஆர்.டி.ஜி.எஸ்.ஸிலும் பணம் சேர்வது கணக்கு எண்ணை வைத்துத்தான், நீங்கள் எழுதும் பெயரை வைத்து அல்ல. பெயரைச் சரியாக எழுதி எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால், பணம் அந்தப் பிசகிய எண்ணின் சொந்தக்காரருக்குப் போகும். அனுப்புவதற்கு முன்பே பெறுபவர் பெயரைத் திரையில் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கொண்டுவர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அந்தப் பெயர் வரும்போது ஒரு விநாடி நின்று படியுங்கள். நிறுவனத்தின் பெயர் வர வேண்டிய இடத்தில் யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தால் அனுப்பாதீர்கள்.

ஐ.எம்.பி.எஸ். சில விநாடிகளில் போய்ச் சேரும். ஞாயிறு, தீபாவளி, நடு இரவு எதுவானாலும் போகும். ஒரு தடவைக்கு 5 லட்சம் வரை அனுப்பலாம். உங்கள் வங்கி அதைவிடக் குறைவாக வரம்பு வைத்திருக்கலாம். சில வங்கிகள் சில ரூபாய் கட்டணம் பிடிக்கும்.

நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதல் 24 மணி நேரமும் ஓடுகிறது. ஆனால் டவுன் பஸ் மாதிரி அரை மணிக்கு ஒரு தடவைதான் கிளம்பும், நாளைக்கு 48 நடை. காலை 10.05-க்கு அனுப்பினால் 10.30 நடையில் ஏறும். அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பெறும் வங்கி வரவு வைக்க வேண்டும், முடியாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும். ஆக 12.30 வரை பதற்றப்பட ஒன்றும் இல்லை. சேமிப்புக் கணக்கிலிருந்து ஆன்லைனில் அனுப்பினால் கட்டணமும் கிடையாது.

ஆர்.டி.ஜி.எஸ். குறைந்தது 2 லட்சத்துக்கு. இந்த நூலின் வாசகருக்கு முதல் ஆண்டில் அது தேவைப்படாது, தேவைப்படவும் கூடாது.

என் தேர்வைக் கேட்டால் நெஃப்ட்தான் என்பேன். விலை இறங்கிவிட்டது, இப்போதே வாங்கியாக வேண்டும் என்று கை பரபரக்கும்போது அந்த இரண்டு மணி நேரம் ஒரு நல்ல தடுப்பு. எத்தனையோ தடவை, பணம் போய்ச் சேர்வதற்குள் எனக்கு வாங்கும் ஆசையே போயிருக்கிறது. வேகம்தான் வேண்டும் என்பவர்கள் ஐ.எம்.பி.எஸ். பயன்படுத்தலாம், அதில் குறை ஒன்றும் இல்லை. சில விர்ச்சுவல் கணக்குகள் எல்லா முறையையும் ஏற்காது. எது செல்லும் என்பதை டெபாசிட் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள், அதைப் படித்துவிட்டு அனுப்புங்கள். புதிதாகச் சேர்த்த பெறுநருக்கு முதல் 24 மணி நேரத்தில் பெரிய தொகை அனுப்பப் பல வங்கிகள் விடாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

யு.பி.ஐ. ஏன் நம்பத்தக்கதல்ல

பூக்காரம்மா முதல் பெட்ரோல் பங்க் வரை ஜிபே ஓடும் ஊரில், எக்ஸ்சேஞ்சுக்கு மட்டும் ஏன் சில நாள் ஓடுகிறது, சில நாள் ஓடுவதில்லை? இதற்கு ஒரு சின்ன வரலாறு இருக்கிறது.

2018 ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. கிரிப்டோ வியாபாரம் செய்வோருக்கு வங்கிகள் எந்தச் சேவையும் தரக்கூடாது என்பது சாரம். 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதன் பிறகும் வங்கிகள் வாடிக்கையாளர்களுக்கு அந்தப் பழைய சுற்றறிக்கையையே மேற்கோள் காட்டிக் கடிதம் அனுப்பின. 2021 மே 31 அன்று ரிசர்வ் வங்கியே, செல்லாத சுற்றறிக்கையைக் காட்டாதீர்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. கூடவே, வாடிக்கையாளரைத் தெரிந்துகொள்ளும் விதிகளையும் பணமோசடித் தடுப்பு விதிகளையும் கறாராகக் கடைப்பிடியுங்கள் என்றும் சொன்னது. தடையும் இல்லை, தாராளமும் இல்லை என்ற இந்த இரண்டுங்கெட்டான் நிலையில்தான் வங்கிகள் இன்றும் நிற்கின்றன.

2022 ஏப்ரல் 7 அன்று அமெரிக்காவின் காயின்பேஸ் யு.பி.ஐ. வசதியோடு இந்தியாவில் கடை திறந்தது. அன்றே, யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. ஓர் அறிக்கை விட்டது: எந்த கிரிப்டோ எக்ஸ்சேஞ்சும் யு.பி.ஐ. பயன்படுத்துவதாக எங்களுக்குத் தெரியாது. சில நாட்களில் காயின்பேஸ் அந்த வசதியை எடுத்துவிட்டது. ரிசர்வ் வங்கியின் மறைமுக அழுத்தம்தான் காரணம் என்று காயின்பேஸ் தலைவர் பிரையன் ஆம்ஸ்ட்ராங் அடுத்த மாதம் வெளிப்படையாகச் சொன்னார். தடை என்று யாரும் எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. “எங்களுக்குத் தெரியாது” என்ற ஒரு வாக்கியமே போதுமாக இருந்தது.

ஆகவே எக்ஸ்சேஞ்ச் செயலியில் யு.பி.ஐ. பொத்தான் இருந்தால், அழுத்துவதற்கு முன் பணம் யார் பெயருக்குப் போகிறது என்று பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்தின் பெயரோ அதன் பயனர் ஒப்பந்தத்தில் சொல்லப்பட்ட பணப் பரிமாற்ற நிறுவனத்தின் பெயரோ வந்தால் சிறு தொகைக்குப் பயன்படுத்தலாம். ஒரு ஜவுளிக்கடையின் பெயரோ யாரோ ஒருவரின் கைப்பேசி எண்ணோடு கூடிய ஐடியோ வந்தால் செயலியையே நீக்கிவிடுங்கள். அது எக்ஸ்சேஞ்சே அல்ல.

கடன் அட்டையைப் பற்றி ஒரு வரி போதும்: கடன் வாங்கிக் கிரிப்டோ வாங்காதீர்கள். வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுக்கு வங்கி வழியாக டாலர் அனுப்புவதைப் பற்றியும் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை இடமிருந்தாலும், கிரிப்டோவுக்கு என்றால் வங்கிகள் பெரும்பாலும் மறுத்துவிடும். வேறு காரணம் எழுதி அனுப்புவது பொய்யுறுதிமொழி. அந்தப் பக்கம் போக வேண்டாம்.

“பணம் போச்சு, ஆனா வரலை”

இப்படி ஒரு நாள் நீங்களும் சொல்வீர்கள். அப்போது ஒன்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். உங்கள் பணம் இரண்டு தாவல் தாவுகிறது. முதல் தாவல் உங்கள் வங்கியிலிருந்து எக்ஸ்சேஞ்சின் வங்கிக் கணக்குக்கு. இரண்டாவது, அந்த வங்கிக் கணக்கிலிருந்து எக்ஸ்சேஞ்சின் பேரேட்டில் உங்கள் பெயருக்கு.

முதல் தாவல் ரிசர்வ் வங்கியின் விதிகளுக்குள் வருகிறது. ஐ.எம்.பி.எஸ்.ஸில் உங்கள் கணக்கில் பற்று ஆகி, பெறுபவர் கணக்கில் வரவு ஆகவில்லை என்றால், மறுநாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. 2019 செப்டம்பரில் வந்த உத்தரவு இது. நெஃப்ட் தாமதமானால் ரெப்போ விகிதத்தோடு 2 சதவீதம் சேர்த்து வட்டி. கேட்காமலே தர வேண்டும் என்பதுதான் விதி. தராவிட்டால் கேட்க உரிமை இருக்கிறது.

இரண்டாவது தாவலுக்கு இப்படி ஒரு விதியும் இல்லை. அது உங்களுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் இடையிலான விவகாரம். வங்கி மேலாளர் மேசைமுன் போய் உட்கார்ந்து சண்டை போட்டுப் பயனில்லை. அவர் பங்குக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது.

எந்தத் தாவலில் தடுக்கி விழுந்தது என்று தெரிந்துகொள்ள ஓர் எண் போதும். நெஃப்ட்டுக்கு யு.டி.ஆர். எண் 16 எழுத்து, ஆர்.டி.ஜி.எஸ்.ஸுக்கு 22, ஐ.எம்.பி.எஸ்.ஸில் ரெஃபரன்ஸ் நம்பர் என்று 12 இலக்கம். “வரவு வைக்கப்பட்டது” என்று வங்கி உறுதி சொன்னால், அந்த எண்ணையும் கணக்கு அறிக்கையின் அந்தப் பக்கத்தையும் சேர்த்து எக்ஸ்சேஞ்சின் உதவி மையத்துக்கு அனுப்புங்கள். கைப்பேசித் திரையின் படம் மட்டும் போதாது, அதை யார் வேண்டுமானாலும் உருவாக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும். செயலிக்குள் இருக்கும் உதவிப் பகுதியில் மட்டும் பேசுங்கள். கூகுளில் தேடிக் கிடைக்கும் ‘கஸ்டமர் கேர்’ எண்ணை அழைத்தால் மறுமுனையில் எடுப்பது அநேகமாகத் திருடனாக இருப்பான்.

பி-டூ-பி என்ற குறுக்குச் சந்து

இனி இந்த அத்தியாயத்தின் முக்கியமான பகுதி. எக்ஸ்சேஞ்சின் கணக்குக்குப் பணம் அனுப்பாமல், யு.எஸ்.டி.டி. என்ற கிரிப்டோ நாணயத்தை விற்கும் இன்னொரு தனி நபரின் கணக்குக்கு நேரடியாக அனுப்புவதுதான் பி-டூ-பி. அவர் ‘பணம் வந்தது’ என்று அழுத்தியதும் எக்ஸ்சேஞ்ச் தன்னிடம் பிடித்துவைத்திருந்த நாணயத்தை உங்களுக்கு விடுவிக்கும். விற்கும்போது இதுவே தலைகீழ்: முகம் தெரியாத ஒருவர் உங்கள் வங்கிக் கணக்குக்குப் பணம் போடுவார். நாணயத்துக்கு எந்தப் பங்கமும் வராது, அதை எக்ஸ்சேஞ்ச் பார்த்துக்கொள்கிறது. பங்கம் ரூபாயில்தான்.

திருப்பூரில் எனக்குத் தெரிந்த ஒருவர், தையல் மெஷின் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், சந்தை விலையைவிட யூனிட்டுக்கு மூன்று ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்று 42,000 ரூபாய்க்கு யு.எஸ்.டி.டி. விற்றார். பணம் இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. ஐந்து வாரம் கழித்து, சரக்கு எடுத்தவருக்குப் பணம் அனுப்பப் போனால் போகவில்லை. கணக்கில் பணம் இருக்கிறது, எடுக்க முடியவில்லை. நானும் கூடப் போனேன்.

“அண்ணே, உங்க அக்கவுன்ட்ல ஃப்ரீஸ் போட்டிருக்காங்க” என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண்.

“யாரும்மா போட்டது? நான் லோன் எதுவும் பாக்கி வைக்கலியே.”

“லோன் இல்லண்ணே. வடக்க ஒரு சைபர் கிரைம் போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து வந்திருக்கு. மெயில்ல நம்பர் இருக்கு, எழுதிக்கங்க. அங்கேர்ந்து லெட்டர் வந்தாத்தான் எங்களால எடுக்க முடியும்.”

நடந்தது இதுதான். எங்கோ ஒரு மூத்த குடிமகனை ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டிப் பணம் பறித்த கும்பல், அதை நாலைந்து கணக்குகளில் சுற்றவிட்டு, கடைசியில் யு.எஸ்.டி.டி.யாக மாற்றிக்கொண்டு போய்விட்டது. மாற்றிக்கொடுத்தவர்களில் ஒருவர் நம் கடைக்காரர். பணம் பறிகொடுத்தவர் 1930 என்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் கொடுத்ததும், அந்தப் பணம் எந்தெந்தக் கணக்கைத் தொட்டுப் போனதோ அத்தனையும் சங்கிலியாக முடக்கப்படும். மூன்று ரூபாய் ஏன் கூடுதலாகக் கிடைத்தது என்று இப்போது புரிகிறதா? திருட்டுப் பணத்தைக் கைமாற்றுகிறவன் விலையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

முடக்கும் அதிகாரம் காவல்துறைக்குச் சட்டத்தில் இருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு. உங்களுக்கு இப்படி நேர்ந்தால் வங்கியிலிருந்து நான்கு விவரங்களை எழுத்தில் வாங்குங்கள்: புகார் எண், எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு. பிறகு அந்த விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சலில் எக்ஸ்சேஞ்ச் ஆர்டர் எண், உங்கள் கே.ஒய்.சி., வங்கி அறிக்கை மூன்றையும் அனுப்புங்கள். முழுக் கணக்கையும் முடக்காமல் அந்தத் தொகையை மட்டும் நிறுத்திவைக்கும்படி வங்கியிடமும் எழுதிக் கேளுங்கள். 2024 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய ஒரு வழக்கில், சர்ச்சைத் தொகையான சுமார் 2.5 லட்சம் ரூபாயை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மீதிக் கணக்கை இயக்க அனுமதித்தது. வேலைக்குப் போகும் மனிதரின் முழுக் கணக்கையும் காலவரையின்றிப் பூட்டிவைப்பது சரியல்ல என்பது அதன் உட்கிடை. அந்தத் தீர்ப்பின் நகலைக் கையில் வைத்திருங்கள், கிளையில் பேசும்போது உதவும்.

திருப்பூர்க்காரருக்குப் பெரிய சேதம் 42,000 ரூபாயால் வரவில்லை. கடை வரவு, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கடன் தவணை எல்லாம் அதே கணக்கில் இருந்தன. தவணை திரும்பியது, அபராதம் விழுந்தது. தனிக் கணக்கு வையுங்கள் என்று முன்னால் சொன்னது இதற்காகத்தான்.

“நான் வாங்க மட்டும்தான் செய்கிறேன், விற்கவில்லை, எனக்கென்ன?” என்று கேட்பீர்கள். வாங்கும்போது ஆபத்து குறைவு, உண்மைதான். ஆனால் நீங்கள் பணம் அனுப்பிய கணக்கு நாளை ஒரு மோசடி வழக்கில் சிக்கினால், அந்தக் கணக்கோடு ஏன் தொடர்பு என்று நீங்களும் விளக்க வேண்டியிருக்கும். தவிர, பி-டூ-பி வழியாக உள்ளே போனவர் வெளியே வரும்போதும் பெரும்பாலும் அதே சந்தில்தான் வருவார். நான் பி-டூ-பி பக்கம் போவதில்லை. ‘மெர்ச்சன்ட்’ முத்திரை, 99 சதவீத நற்சான்று என்று எதைக் காட்டினாலும் என் முடிவு மாறாது. அந்த விற்பனையாளர் நல்லவராகவே இருக்கலாம். அவருக்கு வந்த பணம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது.

திரும்பும் வழியைப் பார்த்துவிட்டுப் போங்கள்

2023 மார்ச் 7 அன்று கிரிப்டோ சேவை நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டன. மத்திய நிதியமைச்சகத்தின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் அவை பதிவு செய்ய வேண்டும். அதே ஆண்டு டிசம்பர் 28 அன்று பைனான்ஸ், குகாயின், கிராக்கன் உட்பட ஒன்பது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு நோட்டீஸ் போனது. அடுத்த மாதம் அவற்றின் செயலிகள் முடங்கின. சில நிறுவனங்கள் பிறகு பதிவு செய்துகொண்டு திரும்பி வந்தன. இதிலிருந்து நமக்குக் கிடைப்பது: பதிவு இல்லாத எக்ஸ்சேஞ்சுக்குப் பணம் அனுப்பும் வழியைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. பதிவு பெற்றவை மும்பை, பெங்களூரு மட்டுமல்ல, சென்னையிலும் இருக்கின்றன. ஜியாட்டஸ் சென்னை நிறுவனம்தான்.

பதிவு என்பது பாதுகாப்புக்கு உத்தரவாதமா? இல்லை. வங்கியில் இருக்கும் ரூபாய்க்கு 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு. அதே ரூபாய் எக்ஸ்சேஞ்சுக்குள் போன நிமிடமே அந்தக் குடை விலகிவிடும். செயலியில் ‘ரூபாய் இருப்பு’ என்று காட்டுவது வங்கி வைப்பு அல்ல, ஒரு நிறுவனம் உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி. 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள கிரிப்டோ களவு போனபோது, நாணயத்தோடு ரூபாயை எடுப்பதும் நிறுத்தப்பட்டது. அங்கே மீண்டும் வர்த்தகம் தொடங்க 2025 அக்டோபர் ஆகிவிட்டது. வாங்கப் போகும் அன்று மட்டும், வாங்கப் போகும் தொகையை மட்டும் அனுப்புங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். “விலை இறங்கினா வாங்கலாம்” என்று ரூபாயை அங்கே குவித்துவைப்பது வீண் ஆபத்து.

அந்தக் களவின் தொடர்ச்சியாகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. சென்னையில் ஒரு முதலீட்டாளர் 1,98,516 ரூபாய் அனுப்பி 3,532 எக்ஸ்.ஆர்.பி. நாணயங்கள் வாங்கியிருந்தார். அவருடைய நாணயம் களவு போன வகையைச் சேர்ந்ததே அல்ல, ஆனாலும் முடக்கப்பட்டது. சிங்கப்பூரில் நடக்கும் மத்தியஸ்தத்துக்குத்தான் இது போக வேண்டும், சென்னை நீதிமன்றத்துக்கு இதில் வேலையில்லை என்பது எதிர்வாதம். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அதை ஏற்கவில்லை. கிரிப்டோ என்பது ஒருவர் உடைமையாக வைத்திருக்கக்கூடிய சொத்து என்று சொன்ன அந்த உத்தரவு, பணம் சென்னையிலுள்ள வங்கிக் கணக்கிலிருந்து போனதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, வழக்கை இங்கே விசாரிக்கலாம் என்றது. முதல் பக்கத்தில் சொன்னேனே, வங்கி அறிக்கையில் ஒரு வரி? அந்த வரிதான் அந்த முதலீட்டாளரைச் சிங்கப்பூருக்கு அலையவிடாமல் பாரிமுனையிலேயே நிறுத்தியது. பி-டூ-பியில் வாங்கியிருந்தால் அதே வரியில் யாரோ ஒருவர் பெயர் இருந்திருக்கும்.

வரிக்கும் இந்தச் சுவடு வேண்டும். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். 50,000-க்கு வாங்கி 60,000-க்கு விற்றால், 10,000 லாபத்துக்கு 3,120 ரூபாய். இன்னொரு நாணயத்தில் 10,000 நஷ்டம் என்றாலும் கழித்துக்கொள்ள முடியாது. 2022 ஜூலை முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கப்பட்டு உங்கள் பான் எண்ணில் ஏறுகிறது. எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்பது துறைக்கு ஏற்கெனவே தெரியும். வாங்கிய விலையை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். வங்கி அறிக்கையும் எக்ஸ்சேஞ்ச் அறிக்கையும் தேதிக்குத் தேதி பொருந்தினால் ஆடிட்டருக்கு அரை மணி வேலை.

கடைசியாக, எந்த எக்ஸ்சேஞ்சானாலும் பெரிய தொகை போடுமுன் இதைச் செய்துவிடுங்கள். அவர்கள் ஏற்கும் குறைந்தபட்சத் தொகையை, 500 என்று வைத்துக்கொள்வோம், நெஃப்ட்டில் அனுப்புங்கள். எப்போது அனுப்பினீர்கள், செயலியில் எப்போது ஏறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த நாணயமும் வாங்காதீர்கள். விற்பனையே நடக்காததால் டி.டி.எஸ். பிடிக்கவும் இடமில்லை. உடனே ‘வித்டிரா’ அழுத்தி அந்த 500-ஐத் திரும்ப எடுக்கப் பாருங்கள். சில எக்ஸ்சேஞ்சுகள் புதிதாகப் போட்ட பணத்தைச் சில நாள் வெளியே விடாது. சில இடங்களில் எடுக்கக் கட்டணம் உண்டு, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும். இதெல்லாம் 500 ரூபாயில் தெரிந்துகொள்வது மலிவு. பணம் வங்கிக்கு வந்ததும் பாஸ்புக்கைப் பதிவு இயந்திரத்தில் கொடுத்து அச்சடியுங்கள். போன வரியையும் வந்த வரியையும் அடுத்தடுத்து வைத்து, இரண்டிலும் இருக்கும் பெயரை விரல் வைத்துப் படியுங்கள்.